ஆம்ப்ளிபயர் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு

நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கியவரிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "இதுக்கு ஒரு ஆம்ப் போட்டா இன்னும் தூக்கலா இருக்கும்." அன்றோடு நிம்மதி போய்விடும். ஐயாயிரம் ரூபாய் ஹெட்போனுக்கு எட்டாயிரம் ரூபாயில் ஆம்ப்ளிபயர். ஆறு மாதம் கழித்து அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, பதினைந்தாயிரத்தில் இன்னொன்று. பாட்டு என்னவோ அதே பாட்டுதான்!

சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் கடைக்குப் போய்க் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஜெயங்கொண்டத்தில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவருக்கு அது எளிதல்ல. படத்தைப் பார்த்து, பத்துப் பேர் எழுதியதைப் படித்து, ஆன்லைனில் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் கேட்டுப் பார்க்க வழியில்லாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு தாளும் பேனாவும் போதும்.

மெக்கானிக்கின் முதல் கேள்வி

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் 'அசெம்பிள் செட்' கொடிகட்டிப் பறந்தது. டேப் ரிக்கார்டர் ரிப்பேர் செய்யும் கடையில் சொன்னால், மரப்பெட்டிக்குள் டிரான்ஸ்பார்மர், ஹீட் சிங்க், 4440 ஐ.சி., பேஸ் டிரிபிளுக்கு 4558 ஐ.சி. வைத்த போர்டு எல்லாம் போட்டு ஒரு ஆம்ப்ளிபயர் செய்து கொடுப்பார்கள். டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் இளையராஜா பாட்டு அதிர்ந்தது இப்படிப்பட்ட செட்டுகளில்தான்.

அந்த மெக்கானிக்குகளிடம் ஒரு நல்ல ஒழுங்கு இருந்தது. ஆம்ப்ளிபயர் வேண்டும் என்று போனால், "ஸ்பீக்கர் எத்தனை ஓம், எத்தனை வாட்?" என்பதுதான் முதல் கேள்வி. ஸ்பீக்கர் தெரியாமல் ஆம்ப்ளிபயர் செய்ய முடியாது என்பது அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். இன்று ஹெட்போன் ஆம்ப்ளிபயர் வாங்குபவர்கள் பலர் இந்தக் கேள்வியையே மறந்துவிடுகிறார்கள். எந்த ஆம்ப் சிறந்தது என்று கேட்கிறார்களே தவிர, தன் ஹெட்போனுக்கு எவ்வளவு தேவை என்று கேட்பதில்லை.

கணக்கு இதுதான்

ஹெட்போனின் விவரக் குறிப்பில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, எத்தனை ஓம். மற்றொன்று, ஒரு மில்லிவாட் மின்சாரம் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது. (சில கம்பெனிகள் ஒரு வோல்ட்டுக்கு இத்தனை டெசிபல் என்று போடுவார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

ஒலிப்பதிவுக் கூடங்களில் அதிகம் புழங்கும் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 80 ஓம் மாடலுக்கு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். ஒரு வோல்ட் கொடுத்தால் எவ்வளவு மின்சக்தி போகும்? வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓமால் வகுக்க வேண்டும். 1-ஐ 80-ஆல் வகுத்தால் 0.0125 வாட், அதாவது 12.5 மில்லிவாட். மின்சக்தி பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். 12.5 மடங்குக்கு ஏறக்குறைய 11 டெசிபல். ஆக மொத்தம் 107 டெசிபல். அரை வோல்ட் கொடுத்தாலே 101 டெசிபல் வந்துவிடும்.

இது போதுமா? வீட்டில் பாட்டு கேட்க சராசரியாக 75, 80 டெசிபல் தாராளம். தபேலா, டிரம்ஸ் எல்லாம் திடீரென எழும்பும் இடங்களுக்கு மேலே 20 டெசிபல் விட்டால்கூட 100-தான் ஆகிறது. போனில் செருகும் டைப்-சி டாங்கிள்களில் பல அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை கொடுக்கக் கூடியவை. விலை சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை. அதே ஹெட்போனின் 250 ஓம் மாடலுக்கும் ஒரு வோல்ட்டில் 102 டெசிபல் கிடைக்கிறது. "250 ஓமா? பெரிய ஆம்ப் இல்லாமல் முடியாது" என்று பயமுறுத்துபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்தான்.

அப்படியானால் ஆம்ப்ளிபயரே வேண்டாமா? அப்படியும் இல்லை. ஹைஃபைமேன் ஹெச்இ-6 என்ற ஹெட்போனுக்கு 50 ஓம்தான். ஆனால் மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே. அதில் 100 டெசிபல் எட்ட 45 மில்லிவாட், அதாவது சுமார் ஒன்றரை வோல்ட் வேண்டும். ஒரு வோல்ட் டாங்கிள் இங்கே தோற்றுவிடும். இப்படிப்பட்ட ஹெட்போன் வைத்திருப்பவர் ஆம்ப்ளிபயருக்குச் செலவு செய்வது நியாயம். பார்க்க வேண்டியது ஓமை மட்டுமல்ல, இரண்டு எண்களையும் சேர்த்துத்தான்.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலாவது, ஆம்ப்ளிபயரின் சொந்த ஓம், அதாவது அவுட்புட் இம்பிடன்ஸ். இது ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 32 ஓம் ஹெட்போன் என்றால் 4 ஓமுக்குள். இது கூடினால் சில ஹெட்போன்களில் பேஸ் வீங்கி, பாட்டின் நிறமே மாறிவிடும்.

இரண்டாவது, தேவைக்கு மேல் சக்தி வேண்டாம். 16 ஓம் இயர்போனைப் பெரிய ஆம்ப்பில் செருகினால், குமிழைக் கொஞ்சம் திருப்புவதற்குள் சத்தம் மண்டையைப் பிளக்கும். குமிழின் ஆரம்பப் பகுதியில் இடது காதுக்கும் வலது காதுக்கும் சத்தம் சமமாக வராது. பாட்டு இல்லாத இடத்தில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கேட்கலாம்.

மூன்றாவது, அப்கிரேட் ஆசை. 500 மில்லிவாட் ஆம்ப்பை விற்று 1000 மில்லிவாட் ஆம்ப் வாங்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல்! சத்தம் இரண்டு மடங்கானதுபோல் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஒரு காலத்தில் பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கான வாட் கணக்குக் காட்டி ஸ்பீக்கர் விற்றார்கள். பெட்டியில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து மயங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

விலை கூடினால்தான் தரம் என்பதும் பழைய கதையாகிவிட்டது. 2011-இல், தன் பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் 'ஓ2' என்ற ஹெட்போன் ஆம்ப்ளிபயரின் முழு வரைபடத்தையும் அளவீடுகளையும் இணையத்தில் போட்டார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அதில் ஹெட்போனை இயக்குவது 4556 என்ற சாதாரண ஐ.சி.தான். நம்மூர் பேஸ் போர்டுகளில் இருந்த 4558-க்குப் பங்காளி முறை! மலிவான பாகங்களை வைத்தே விலை உயர்ந்த ஆம்ப்ளிபயர்களுக்கு இணையான அளவீடுகளைக் காட்டியது அது.

குறை எங்கே இருக்கிறது?

பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் அதற்கு ஆம்ப்ளிபயர் மட்டும்தான் காரணமா? பத்து வருடத்துக்கு முன் இறக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3 பாட்டில் தொலைந்துபோன நுணுக்கத்தை எந்த ஆம்ப்பும் திருப்பித் தராது. லேப்டாப்பில் சார்ஜர் போட்டிருக்கும்போது 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்து, சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிட்டால், கவனிக்க வேண்டியது சார்ஜரையும் வீட்டு எர்த்தையும்தான். தெருப்பக்க அறையில் லாரிச் சத்தமும் தலைக்கு மேல் ஃபேனும் ஓட, பின்பக்கம் திறந்திருக்கும் ஓபன் பேக் ஹெட்போனில் மெல்லிய வயலினைத் தேடுவதும் வீண். அங்கே காதை மூடும் ஹெட்போன்தான் உதவும்.

கடைசியாக, காது. இரண்டு ஆம்ப்ளிபயர்களை ஒப்பிடும்போது ஒன்று சற்றே கூடுதல் சத்தமாக இருந்தாலும் அதுதான் தெளிவானது என்று மனம் நம்பிவிடும். 'புது ஆம்ப் அருமை' என்ற பாராட்டுகளில் பல, கூடின சத்தத்துக்குக் கிடைத்தவை. அந்தச் சத்தத்துக்கும் ஒரு விலை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான். ஆம்ப்ளிபயரை விற்றால் பாதிப் பணமாவது வரும். போன செவி வராது.

எனவே முதலில் ஹெட்போன், பிறகு நல்ல பதிவு, பிறகு அமைதியான அறை, இவற்றுக்குப் பிறகும் கணக்கு 'போதவில்லை' என்று சொன்னால் மட்டுமே ஆம்ப்ளிபயர். பலருக்குக் கணக்கு 'போதும்' என்றே சொல்லும். மிச்சமாகும் எட்டாயிரம் ரூபாய் ஒரு மாணவருக்குச் சின்னத் தொகை அல்ல.