பழுதுற்ற பலகைக்குப் புதுவாழ்வு



வீட்டில் பழுதுபட்ட பொருளொன்று மூலையில் கிடக்குமாயின், அதை எறிந்துவிட்டுப் புதியதொன்று வாங்கலாமே என்ற எண்ணமே நமக்கு முதலில் எழுகின்றது. இதைச் செய்தவர் எவ்வாறு செய்தார், இஃது ஏன் பழுதுற்றது என்று கேட்போர் சிலரே. அவ்வாறு கேட்ட ஒருவரால், மறைந்துபோக இருந்த ஒரு கலை உயிர்பெற்ற வரலாற்றை இம்மாதம் காண்போம். கடலலையின்மீது நின்று கரை நோக்கி வர உதவும் அலைச்சறுக்குப் பலகையின் கதை அது. வீட்டில் செய்த பழைய பலகையொன்றைப் பழுதுபார்க்கும் முறையையும் அதனோடு சேர்த்துக் கூறுவோம்.

அலைச்சறுக்கு ஹவாயித் தீவு மக்களின் பழம்பெரும் கலை. மன்னரும் குடிகளும், ஆண்களும் பெண்களும் அதில் ஈடுபட்டனர். மரத்தைத் தேர்ந்து, செதுக்கி, எண்ணெய் பூசிப் பலகை செய்வதும், பயன்படுத்தியபின் உலர்த்தித் துணியில் சுற்றி வீட்டுக்குள் பாதுகாப்பதும் அவர்களது வழக்கம். 1778-ஆம் ஆண்டில் கேப்டன் குக் அத்தீவுகளை அடைந்தபின், வெளியுலகத் தொடர்பால் புகுந்த நோய்கள் அம்மக்களைக் கூட்டங்கூட்டமாய் மாய்த்தன. 1890-களில் ஹவாயி இனத்தவர் ஏறத்தாழ 40,000 பேரே எஞ்சியிருந்தனர். மக்கள் மறைந்தபோது அவர்தம் கைத்திறனும் உடன் மறைந்தது. தலைவர்களுக்கென்றே செய்யப்பட்ட நீண்ட பலகைகளைச் செய்யும் முறையை எடுத்துச் சொல்ல ஆளில்லாமற் போயிற்று.

ஆயினும் ஒருசில பலகைகள் மட்டும் தப்பின. ஹொனலுலு நகரில் பிஷப் அருங்காட்சியகம் என்றொன்று உண்டு. இங்கே 'பிஷப்' என்பது ஆயரைக் குறிப்பதன்று. 1889-இல் அதை நிறுவிய சார்லஸ் ரீட் பிஷப் என்பவரின் குடும்பப் பெயர் அது. மறைந்த தம் மனைவி, இளவரசி பெர்னிஸ் பவாஹியின் நினைவாக அவர் அதை எழுப்பினார். இளவரசியின் தந்தையான தலைவர் பாக்கியின் பலகைகள் அங்கே இடம்பெற்றன. அவை ஏறக்குறைய 16 அடி நீளமும் 70 கிலோ எடையும் உடையவை. பாக்கி 1855-இல் காலமானார். அதன்பின் பல்லாண்டுகள் அப்பலகைகள் கவனிப்பாரின்றிப் பழுதுற்றுக் கிடந்தன.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1902-இல் பிறந்த டாம் பிளேக் என்னும் நீச்சல் வீரர், 1926-இல் அவற்றைச் சீர்செய்யும் பணியை மேற்கொண்டார். பழுதுபார்ப்பவன் ஒரு பொருளை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்கிறான். கண்காட்சிக்கு வந்து போகிறவன் காணாதவை அவன் கைக்குத் தட்டுப்படுகின்றன. இத்துணை நீளம் எதற்காக, இந்த வளைவு எதற்காக என்று வியந்த பிளேக், தாமே அதுபோன்ற பலகையொன்றைச் செய்து பார்த்தார். அது சுமப்பதற்கு அரிதாயிருந்ததால், ரெட்வுட் பலகையில் நூற்றுக்கணக்கான துளைகளிட்டு, மேலும் கீழும் மெல்லிய மரத்தகட்டால் மூடினார். பின்னர், உள்ளே குறுக்குச் சட்டங்கள் அமைத்து மேலே மெல்லிய பலகை போர்த்திய, முழுதும் உள்ளீடற்ற பலகையை உருவாக்கி, 1932-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பழையதைச் செப்பனிட்ட கைகளே இப்புதியதையும் படைத்தன என்பது சிந்திக்கத்தக்கது.

இப்பலகை இலேசானது, எளிதில் மிதப்பது. ஆகவே நீரில் மூழ்குவோரைக் காக்கும் கடற்கரைக் காவலர்களும் இதனை ஏற்றனர். 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழ் 1937-இல் இதன் வரைபடத்தை வெளியிட்டது. வீட்டுக் கொட்டகைகளில் தந்தையரும் மைந்தரும் தம் கையாலேயே பலகை செய்யத் தொடங்கினர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் கண்ணாடியிழை போர்த்திய பால்சா மரமும், 1950-களின் இறுதியில் செயற்கை நுரையும் வந்தமையால், இம்மரப்பலகைகள் பரண்களில் ஒதுக்கப்பட்டன. தாத்தா செய்த பலகையெனப் பேரன் இன்று இறக்கிப் பார்க்கும்போது, இணைப்புகள் விண்டு, திருகாணிகள் பச்சை பூத்து, உள்ளே நீர் குலுங்கும் நிலையிலே அது காணப்படலாம். அதை எவ்வாறு மீட்பது?

முதற்பணி உலர்த்துதல். மேலே உள்ள விரிசலைப் பார்த்தவுடன் பசையிட்டு அடைக்கவே மனம் பரபரக்கும். அது பெருந்தீங்கு, உள்ளே சிறைப்பட்ட ஈரம் மரத்தை மேலும் மக்கச் செய்யும். ஆகவே நன்னீரால் உப்பைக் கழுவி, நீர் வடியும் துளையின் தக்கையைத் திறந்து, அத்துளை கீழ்நோக்கியிருக்குமாறு நிழலில் சாய்த்து வைக்க வேண்டும். சுடுவெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். வாரந்தோறும் பலகையை நிறுத்து எடையைக் குறித்து வருக. எடை குறைவது நின்றால் ஈரம் போயிற்றென்று கொள்ளலாம். அதற்குப் பல வாரங்கள் ஆகலாம். கட்டுமரத்தைக் கரையேற்றி, கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே உலர்த்தி வந்த நம் மீனவக் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. நீர் குடித்த மரம் கனக்கும், மிதக்கும் ஆற்றலும் குன்றும்.

இரண்டாவது, கேட்டைக் கண்டறிதல். பலகை முழுவதையும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மரம் தெளிந்த ஓசை தரும். மக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் கூர்முனையால் மெல்ல அழுத்தினால், உளுத்த மரம் இடங்கொடுத்துவிடும். உளுத்ததை முற்றிலும் நீக்குக. நல்ல மரத்தில் கை வைக்காதீர். ஒட்டுத்துண்டு அதே வகை மரமாகவும், ரேகை அதே திசையில் ஓடுவதாகவும் இருத்தல் நலம். கனத்த மரத்தை ஒரு புறம் வைத்தால் பலகை நீரில் சமநிலை இழக்கும். துண்டின் விளிம்புகளை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினால், பசை பற்றும் பரப்பு மிகுந்து இணைப்பு உறுதிபெறும்.

மூன்றாவது, இணைத்தல். அக்காலப் பசைகள் பல கடல்நீரை நெடுநாள் தாங்கவில்லை. இன்று கிடைக்கும் எப்பாக்சி போன்ற நீர்புகாப் பசைகள் நன்கு தாங்கும். அரித்துப்போன திருகாணிகளுக்கு மாற்றாகப் பித்தளையோ வெண்கலமோ பயன்படுத்துக. இரும்பு துருப்பிடித்துப் பருத்து மரத்தைப் பிளந்துவிடும். பசை இறுகும்வரை கிளாம்புகளாலோ கயிற்றாலோ இறுக்கி வைத்தபின், இணைப்புகள்மீது சோப்பு நீர் தடவி, வடிதுளை வழியே வாயால் மெல்ல ஊதுக. குமிழி தோன்றும் இடமே இன்னும் கசியும் இடம். இறுதியாக உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷை மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசுக. ஒவ்வொரு பூச்சும் நன்கு உலர்ந்தபின்னரே அடுத்ததைத் தொடங்குக. இப்பணிகளைக் காற்றோட்டமான இடத்தில், முகமூடியும் கையுறையும் அணிந்து செய்தல் வேண்டும். சிறு பிள்ளைகளைத் தொலைவில் நிறுத்துக.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முழுதும் புதியதுபோல் மின்ன வேண்டுமென்ற ஆசையால், செய்தவரின் சுவடுகளை அழித்துவிடலாகாது. உட்சட்டத்தில் பென்சிலால் போட்ட கணக்கு, ஓரத்தில் பொறித்த பெயர், கை தவறிய உளியின் தடம் ஆகியன அவர் நமக்கு விட்டுச்சென்ற கடிதங்களாகும். ஒட்டுப்போட்ட இடம் சற்றே தெரிந்தாலும் குறையில்லை. எது பழையது, எது புதியது என்பதைப் பின்வருவோர் அறிந்துகொள்ளட்டும். பாக்கியின் பலகைகள் எரிவிறகாகியிருந்தால், பிளேக் என்ன கற்றிருப்பார்? அவற்றைச் செய்தவர்கள் மறைந்து நெடுங்காலமாகியும், அவர்தம் பலகைகளே ஆசானாயிருந்து கற்பித்தன அன்றோ?

பெற்றோரே, அலைச்சறுக்குப் பலகை நம் வீடுகளில் இல்லாதிருக்கலாம். ஆனால் பாட்டனார் செய்த மரப்பெட்டியோ, தந்தையார் இழைத்த நாற்காலியோ ஏதேனுமொரு மூலையில் இருக்கும். இவ்விடுமுறையில் அதைப் பிள்ளைகளோடு வெளியே எடுத்து, துடைத்து, தட்டிப் பாருங்கள். அதைச் செய்தவர் யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்று சொல்லிக்கொண்டே பழுதுபாருங்கள். முதியோர் உயிரோடிருந்தால் அவர்களையும் அருகில் அமர்த்திக் கேளுங்கள். பொருள் சீராவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அவ்வாரங்களில், அவர்கள் மட்டுமே அறிந்தவை உங்கள் பிள்ளைகளின் கைகளுக்கு வந்து சேரும்.