வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை: தேர்வுக்குப் பின் தொடங்கும் சோதனை

புது தில்லி: பட்டியலின மாணவர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் பட்டப் படிப்புகளை மேற்கொள்ள மத்திய அரசு 1954-55 முதல் உதவித்தொகை வழங்கி வருகிறது. சமூகநீதி அமைச்சகத்தின் பொறுப்பிலுள்ள இத்திட்டத்தில் ஆண்டுக்கு 125 இடங்கள் என அறிவிக்கப்பட்டுள்ளது. ஆனால், இடங்களின் எண்ணிக்கை மட்டுமே திட்டத்தின் வெற்றிக்கு அளவுகோல் ஆகிவிடாது. விமானம் ஏறிய பிறகு மாணவர் எப்படி வாழ்கிறார் என்பதே உண்மையான கேள்வி.

இக்கேள்வியின் கனத்தை உணரக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைப் பார்த்தால் போதும். அங்குள்ள பாலகாட், நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீப், மாரிகுப்பம் ஆகிய சுரங்கக் குடியிருப்புகளில் வாழ்வோரில் பெரும் பகுதியினர், பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள். அவர்களில் தலித் மக்களே அதிகம். மத்திய அரசு நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்களை மூடியது. அதன் பின் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் சென்று திரும்பும் உழைப்பே பல குடும்பங்களின் வருவாயாக உள்ளது.

இம்மக்களுக்குக் கல்வி வேட்கை புதிதல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் "தமிழன்" இதழுக்குத் தங்கவயலில் வாசகர் கூட்டம் இருந்தது. அவரது எழுத்துகளை நூல்களாக்கிய சித்தார்த்தா புத்தகசாலையும் இங்கேயே இயங்கியது. இத்தகைய ஊரிலிருந்து ஒரு மாணவர் லண்டனுக்குச் செல்லத் தகுதி பெறலாம். ஆனால், அவசரத்துக்கு ஓரிரு லட்சம் ரூபாய் அனுப்பிவைக்கும் வசதி அவருடைய வீட்டுக்கு இராது. அரசின் தவணை தாமதமானால் அவருக்கு வேறு கதி இல்லை.

அயல்நாட்டில் முதல் சில மாதங்களே கடினமானவை. தங்குமிடத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும்; குளிருக்கு உடை வாங்க வேண்டும்; வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்ந்தவர், வகுப்பில் பேராசிரியருடன் ஆங்கிலத்தில் வாதிடப் பழக வேண்டும். அந்த நேரத்தில் மாணவரின் மனம் பாடத்தில் இருக்க வேண்டுமே தவிர, அடுத்த மாத வாடகையில் அல்ல.

அரசு வழங்கும் தொகை இதற்குப் போதுமா? 2024-25ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பல்கலைக்கழகக் கட்டணம் தனியே செலுத்தப்படுகிறது. பிரிட்டனில் பயில்வோருக்கு வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 9,900 பவுண்டு; அதாவது மாதம் 825 பவுண்டு. லண்டனுக்கும் சிறு நகரங்களுக்கும் இதில் வேறுபாடு இல்லை. ஆனால், மாணவர் விசாவுக்காக பிரிட்டன் அரசு 2025 ஜனவரியில் நிர்ணயித்த மாதச் செலவுத் தொகை லண்டனில் 1,483 பவுண்டு, பிற இடங்களில் 1,136 பவுண்டாக இருந்தது. அந்தக் கணக்கின்படி லண்டன் மாணவருக்கு மாதம் 658 பவுண்டு துண்டு விழுந்தது. ஆராய்ச்சி உதவியாளர் அல்லது கற்பித்தல் பணி செய்து ஈடுகட்டலாம் என்றாலும் அதற்கும் ஆண்டுக்கு 1,560 பவுண்டு என வரம்பு உண்டு. அதற்கு மேல் ஈட்டினால் உதவித்தொகை குறைக்கப்படும்.

தொகை குறைவு என்பது ஒருபுறமிருக்க, அது கிடைக்குமா என்பதே 2025இல் ஐயத்துக்குள்ளானது. அந்த ஆண்டுத் தேர்வில் 106 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆனால், ஜூலையில் 40 பேருக்கு மட்டுமே முதலில் தற்காலிகக் கடிதம் வழங்கப்பட்டது. எஞ்சிய 66 பேருக்கு நிதி இருந்தால் வழங்கப்படும் எனக் கூறப்பட்டது. பிரிட்டனில் பெரும்பாலான படிப்புகள் செப்டம்பர், அக்டோபரில் தொடங்கிவிடும். ஜூலையில் நிதி உறுதியாகாத மாணவர் விசாவுக்கு எதைக் காட்டுவார்?

உதவித்தொகை நின்றால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. பரோடா மன்னரின் உதவியுடன் 1913இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அம்பேத்கர், 1916இல் லண்டனுக்குச் சென்றார். உதவிக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்பினார். பணம் திரட்டி மீண்டும் லண்டன் செல்ல அவருக்கு 1920 வரை ஆயிற்று.

அதே அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரை, இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றியது. மத்திய அரசோ 2022இல் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூக ஆய்வு ஆகிய பொருள்களை இத்திட்டத்திலிருந்து விலக்கியது. இத்துறைகளுக்கான தரவுகளும் அறிஞர்களும் இந்தியாவிலேயே உள்ளனர் என்பது அரசின் வாதம். இந்த வாதத்தில் ஓரளவு பொருள் இருக்கலாம். ஆயினும், தன் சமூகத்தின் நிலையைத் தொலைவிலிருந்து, பிற நாடுகளின் அனுபவத்தோடு ஒப்பிட்டு ஆராயும் வாய்ப்பை அது அடைத்துவிடுகிறது. சுரங்கத் தொழிலாளர் வரலாற்றை எழுத விரும்பும் தங்கவயல் மாணவர் இத்திட்டத்தின் கதவைத் தட்ட இயலாது.

நாடாளுமன்றத்தில் இத்திட்டம் குறித்த கேள்விகள், எத்தனை பேர் தேர்வாயினர், எவ்வளவு செலவாயிற்று என்ற அளவில் நின்றுவிடக் கூடாது. தேர்வுப் பட்டியல் வெளியாகும் நாளிலேயே முழு நிதியும் உறுதி செய்யப்பட்டதா, வாழ்க்கைச் செலவுத் தொகை ஆண்டுதோறும் நகரவாரியாகத் திருத்தப்படுமா, முதல் தவணை மாணவர் புறப்படும் முன் கைக்கு வருமா என்று உறுப்பினர்கள் கேட்க வேண்டும். இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. பயன்பெறுவோர் ஆண்டுக்கு 125 பேரே. தங்கவயலின் சுரங்கங்களை மூடியது மத்திய அரசு நிறுவனம். அங்கிருந்து படித்து மேலேறும் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கையாவது மத்திய அரசு காலத்தோடு நிறைவேற்ற வேண்டும்.