ஏற்றத் தெரிந்த நமக்கு இறக்கவும் தெரிய வேண்டும்

ஆகஸ்ட் 15 அன்று தாராவிச் சந்துகளிலும் சயான் கோலிவாடாவிலும் தகரக் கூரைகளின் மேலெல்லாம் மூவண்ணக் கொடி பறப்பதைக் காண நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் அதே கொடி மழையில் நைந்து, நிறம் வெளுத்து, கந்தலாகத் தொங்குகிறது. காகிதக் கொடிகள் சாக்கடையில் மிதக்கின்றன. அவற்றை வாரி எடுப்பவர் யார்? துப்புரவுப் பணி செய்யும் நம்மவரும் நம்மைப் போன்ற ஏழைகளுமே! ஆகவே இதைப் பற்றி எழுதுவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

கொடியை வீட்டில் ஏற்றும் உரிமை எளிதில் வந்ததன்று. 1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை இக்கொடியை ஏற்றுக்கொண்டது. ஆயினும், சில தேசிய நாட்கள் தவிர மற்ற நாட்களில் சாதாரணக் குடிமகன் தன் வீட்டில் அதைப் பறக்கவிட நெடுங்காலம் வழியில்லை. 2002 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த கொடி விதித்தொகுப்பு அத்தடையை நீக்கியது. மரியாதையுடன் கொடி ஏற்றுவது கருத்துரிமையில் அடங்கும் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல் பாலியஸ்டர் கொடிக்கும், 2022-இல் வீடுகளில் இரவிலும் கொடி பறப்பதற்கும் அனுமதி வந்தது. மாளிகைக்கு உள்ள இவ்வுரிமை பத்தடிக் கோலிக்கும் உண்டு.

உரிமை இருக்கும் இடத்தில் பொறுப்பும் உண்டன்றோ? காவி நிறம் மேலே இருக்க வேண்டும். சுவரில் நெடுக்காகத் தொங்கவிட்டால், பார்ப்பவரின் இடப்பக்கம் காவி வர வேண்டும். கொடி தரையில் படலாகாது. அதன்மேல் எழுத்து எதுவும் எழுதலாகாது. மழைக்குக் கைவண்டியை மூடவோ, அன்பின் மிகுதியால் நம் வீட்டு இறுதி ஊர்வலத்தில் போர்த்தவோ கூடாது. கிழிந்த கொடியைப் பறக்கவிடவே கூடாது.

பழைய கொடியை என்ன செய்வது? துண்டு துண்டாக்காமல், முழுமையாக, பிறர் பார்வை படாத தனியிடத்தில் எரிப்பது நல்லது; அல்லது கண்ணியம் குறையாத வேறு வழியில் அகற்றலாம் என்கிறது விதி. காகிதக் கொடிக்கும் இதுவே முறை. பிள்ளையாரைக் கரைப்பது போல் கடலில் விடுவது சரியன்று.

தோழர்களே, இங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையிலோ கொடியை எரித்து அவமதித்தால், 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். நல்லெண்ணத்தோடு சந்தில் வைத்து எரித்தாலும், நான்கு பேர் கூடிவிட்டால் நம் எண்ணத்தை விளக்க யார் நேரம் தருவார்கள்? மொழி தெரியாத ஊரில், காவல் நிலையத்தில் நமக்காகப் பேச வருபவர் யார்? கோலிக்குள் எரிக்கவும் இயலாது. பாலியஸ்டர் புகை குழந்தைகளின் மூச்சுக்கு ஆகாது.

எனவே ஒவ்வொரு சங்கமும் தன் அலுவலகத்தில் பழைய கொடிகளுக்கென ஒரு பெட்டி வைக்க வேண்டுமென்பது நமது கோரிக்கை. மதில் சூழ்ந்த, காற்றோட்டமான இடத்தில், விவரம் அறிந்த இருவர் பொறுப்பேற்று அவற்றை முறையாக அகற்றட்டும். பெட்டியைப் பற்றி வீடு வீடாகச் சொல்லும் பணியைத் தாய்மார்கள் எடுத்துக்கொண்டால் ஒரு கொடியும் சாக்கடைக்குப் போகாது.

வெளியூர்க்காரர் என்று நம்மைப் பார்ப்பவர்களிடம் நற்சான்று வாங்குவதற்காக நாம் கொடி ஏற்றவில்லை. 1932-இல் அடிபட்டு விழுந்தபோதும் கொடியை விடாமல் உயிர்நீத்த திருப்பூர் குமரன் நம்மவர். கொடி நமக்குச் சொந்தம். சொந்தப் பொருளைத் தெருவில் எறிவாரும் உண்டோ?