பலகையை மாற்றுங்கள், பாதையை மாற்றாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். படிக்காமல் கருத்துச் சொன்னால்தான் கோபம் வரும். வகுப்பிலும் நான் அப்படித்தான் இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் 2018-ல் எடுத்த ஒரு படத்தை இங்கே போட்டிருந்தேன். நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதி, கோனி ஐலண்ட் கடற்கரை, சைக்ளோன் என்ற ரோலர் கோஸ்டர், அதன் முன்னால் புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக நான். "1927 ஜூன் 26-ல் ஓடத் தொடங்கியது, 2027-ல் நூறு வயது" என்று கீழே எழுதியிருந்தேன். அதற்கு என் பழைய மாணவன் ஒருவன், 1996 பேட்ச், இன்று அமெரிக்காவில் இயந்திரப் பொறியாளர், இப்படிப் பதில் போட்டான்: "டீச்சர், நூறு வயசானா ஓய்வு கொடுக்கணும். டெக்சாஸ்ல பண்ண மாதிரி மரத் தண்டவாளத்தைக் கழட்டிட்டு இரும்பு போட்டு, ரெண்டு தலைகீழ்ச் சுற்றும் வெச்சா அடுத்த அம்பது வருஷத்துக்குக் கவலையே இல்ல. சென்டிமென்ட் வேற, என்ஜினியரிங் வேற."

இதற்கு நாற்பது பேருக்கு மேல் லைக். அதில் என் மாப்பிள்ளையும் ஒருவர். அவரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

மாணவன் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அவன் மனைவி, அவளும் என் மாணவிதான், என்னிடம் சண்டைக்கு வருவாள். ஆனால் பதில் சொல்லாமல் விட மாட்டேன். சென்டிமென்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அவன் மைதானத்திலேயே விளையாடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். சைக்ளோன் முழுக்க மரம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறாய் அப்பா. அதன் கால்களும் சட்டகமும் 1927-லிருந்தே இரும்பு. அவ்வளவு பெரிய கட்டுமானத்துக்கு மரக்கால் வைக்க நகர விதிகள் அன்று இடம் கொடுக்கவில்லை. மேலே வண்டி ஓடும் பாதை மட்டும்தான் மரம்: பலகையின் மேல் பலகையாக அடுக்கி, உச்சியில் சக்கரம் உருளும் இடத்தில் இரும்புப் பட்டை பதித்தது. வடிவமைத்தவர் வெர்னான் கீனன், கட்டியவர் ஹாரி பேக்கர். இருவரும் யோசிக்காமல் எதையும் செய்யவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். சைக்ளோனின் உயரம் 85 அடி, அதாவது சுமார் 26 மீட்டர். வேகம் மணிக்கு 60 மைல் என்று உலகமே எழுதுகிறது. பதினொன்றாம் வகுப்பில் ஆற்றல் அழிவின்மை விதியை உங்கள் எல்லோருக்கும் நான்தான் நடத்தினேன். v² = 2gh. g 9.8, h 26. பெருக்கினால் சுமார் 510, வர்க்கமூலம் 22.6. நொடிக்கு 22.6 மீட்டர், மணிக்கு 81 கிலோமீட்டர், மைலில் 50. உராய்வையும் காற்றையும் கழித்தால் அதற்கும் கீழே. 60 மைல் வேண்டுமென்றால் 120 அடி உயரத்திலிருந்து விழ வேண்டும். 85 அடியிலிருந்து அது வரவே வராது. பொறியாளர்கள் உட்பட யாருமே இதைப் போட்டுப் பார்த்ததில்லையா?

ஆனால் ஏறி இறங்கிய எவரும் 60 மைல் என்பதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். 61 வயதில் ஏறினேன். மகள் வேண்டாம் என்றாள், மாப்பிள்ளைதான் கூட வந்தார். முதல் இறக்கம் கிட்டத்தட்ட 58 பாகைச் சரிவு. உச்சியில் ஒரு கணம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஊர். அப்புறம் எதுவும் தெரியவில்லை. வெள்ளைப் பெயின்ட் அடித்த சட்டங்கள் கைக்கெட்டும் தூரத்தில் சரசரவென்று பின்னால் போகின்றன, தலைக்கு மேலேயே இன்னொரு பாதை குறுக்கே போகிறது, பலகை தடதடக்கிறது, ஒவ்வொரு மேட்டிலும் இருக்கை நம்மை விட்டுப் பிரிகிறது. உடம்பு நேராகப் போக நினைக்கிறது, வண்டி கீழே திரும்பிவிடுகிறது. நியூட்டனின் முதல் விதியை முப்பத்துநாலு வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், அன்றைக்குத்தான் அது என்னை எழுதியது. இரண்டு நிமிஷம்கூட இல்லை. இறங்கியபோது கொண்டை அவிழ்ந்திருந்தது, கண்ணாடி ரவிக்கைக்குள் இருந்தது.

இந்தக் கதை சென்டிமென்டுக்காக இல்லை. 50 மைல் வண்டி 60 மைல் போல் தோன்றுவது பாதையின் நெருக்கத்தாலும் அதிர்வாலும் சத்தத்தாலும். மொத்தம் 12 இறக்கம், ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்ன இடத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு வழுவழுப்பான இரும்புப் பாதை போட்டால் கையில் மிஞ்சுவது 85 அடி உயரமுள்ள ஒரு சின்னக் கோஸ்டர்தான். அப்புறம் அது போதாது, உயரத்தைக் கூட்டு, தலைகீழ்ச் சுற்று வை என்று நீயே கேட்பாய். டெக்சாஸிலும் உயரத்தைக் கூட்டினார்கள்தானே?

அந்த டெக்சாஸ் கதையையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன், பாதியை மறைத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. டெக்சாஸ் ஜயன்ட் 1990-ல் வந்த மரக் கோஸ்டர். 2009-ல் மூடி, ராக்கி மவுண்டன் என்ற நிறுவனம் பழைய சட்டகத்தின் மேல் இரும்புத் தண்டவாளம் பதித்து, 2011-ல் மறுபடி திறந்தது. மக்கள் கொண்டாடினார்கள். அதே நிறுவனம் ஒஹையோவில் 1991-ல் வந்த மீன் ஸ்ட்ரீக்கை எடுத்து 2018-ல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆக்கியது, 205 அடி. அதையும் கொண்டாடுகிறார்கள். நியாயம்தான். மீன் ஸ்ட்ரீக்கை நேசித்தவர்கள் எத்தனை பேர்? முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள்தான் அதிகம். யாரும் விரும்பாத ஒன்றை அடியோடு மாற்றினால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நன்றாகப் பாடுகிறவரின் தொண்டையில் கை வைக்காதே என்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்தது "அம்பது வருஷத்துக்குக் கவலை இல்ல" என்ற பேச்சு. இங்கேதான் பொறியாளர் சறுக்கிவிட்டார். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் நெமசிஸ் என்று ஒன்று, முழுக்க இரும்பு, 1994-ல் திறந்தது. 2022-ல் மூடி, தண்டவாளத்தை ஏறத்தாழ முழுவதும் புதிதாகச் செய்து போட்டு, 2024-ல் திறந்தார்கள். 28 வருஷம். ஆர்லாண்டோவில் ஹல்க் கோஸ்டர், 1999. அதுவும் இரும்பு. 2015-ல் மூடி, புதுத் தண்டவாளத்தோடு 2016-ல் திறந்தார்கள். 16 வருஷம். இரும்புக்கும் சோர்வு வரும், பாடத்தில் அதற்கு மீட்சிச் சோர்வு என்று பெயர், இரண்டு மதிப்பெண் கேள்வி. நீ அதைச் சாய்ஸில் விட்டிருப்பாய்.

மரம் வேறு விதமாகக் கெடுகிறது. இங்கே ஒரு பலகை, அங்கே ஒரு திருப்பம். கெட்டதை மட்டும் எடுத்துப் புதுசு வைக்கலாம். குளிர்காலத்தில் கோனி ஐலண்ட் அடைத்திருக்கும்போது தச்சர்கள் பகுதி பகுதியாக அதைத்தான் செய்கிறார்கள். 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிரேட் கோஸ்டர்ஸ் என்ற நிறுவனம் வந்து சைக்ளோனின் பாதையை அப்படித்தான் சீர்செய்தது. 1927-ல் வைத்த பலகை ஒன்றாவது மிஞ்சியிருக்குமா என்றால் சந்தேகம்தான். "அப்புறம் எதைப் பழசு என்கிறீர்கள்?" என்று கேட்பாய். நம் ஊர்த் தேருக்கு அச்சு மாற்றுகிறோம், சக்கரம் மாற்றுகிறோம், வடம் மாற்றுகிறோம். அது அதே தேர்தான். அச்சு முறிந்ததற்காகத் தேரைத் தூக்கிப் போட்டுவிட்டு லாரியில் சாமியை வைத்தால் உன் பாட்டியே கும்பிட வர மாட்டாள்.

சீர்செய்வதற்கு நல்ல உதாரணம் வேண்டுமா? அதுவும் ஒஹையோவில்தான் இருக்கிறது. கிங்ஸ் ஐலண்டின் பீஸ்ட், 1979, நீளம் 7,300 அடிக்கு மேல். 2022 சீசனுக்கு முன் அதன் பாதையில் ஒரு பகுதியைப் புதுப்பித்தார்கள், முதல் இறக்கத்தின் சரிவைக்கூடக் கொஞ்சம் கூட்டினார்கள். மரத்துக்கு மரம்தான் போட்டார்கள். காட்டுக்குள் ஓடும் அதே பாதை. இந்த அளவு மாற்றத்துக்கு நான் சண்டைக்கு வரவே மாட்டேன். சைக்ளோனுக்கும் புது மெத்தை போடு, புதுப் பிடிமானக் கம்பி போடு, புது வண்டியே செய்து விடு.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 2024 ஆகஸ்டில் சைக்ளோன் ஏற்றத்திலேயே நின்று, பயணிகளை நடத்திக் கீழே இறக்கினார்கள். என் மாணவன் அந்தச் செய்தியைத்தான் இணைத்திருந்தான். சேதம் எதில்? சங்கிலியை இழுக்கும் பல்சக்கரத்தில். அது மரமா? இரும்புப் பாதை போட்டாலும் மேலே ஏற்றுவதற்குச் சங்கிலியும் பல்சக்கரமும் வேண்டும். அடிக்கடி பார்க்க ஆள் வேண்டும். சைக்ளோனிலும் உயிர் போயிருக்கிறது, மறைக்கவில்லை. 1985-ல் ஓடும்போது எழுந்து நின்ற ஒருவர் இறந்தார். அதே போல, நீ புகழும் புது டெக்சாஸ் ஜயன்டில் 2013-ல் ஒரு பெண் இருக்கையிலிருந்து விழுந்து இறந்தார், வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தில். ஆளைக் காப்பது பிடிமானமும் சோதனையும் ஒழுங்கும். அதற்குக் காசு ஒதுக்கு என்று சொல், உன் பக்கத்தில் நின்று நானும் கத்துகிறேன்.

காசு என்றதும் நினைவு வருகிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தேக்குப் பெட்டிக்குள் பௌதிகத் தராசுகள் இருந்தன. எடைக்கற்கள் சில காணாமல் போயிருந்தன, அவ்வளவுதான். கற்கள் வாங்கப் பணம் இல்லை என்றார்கள். அடுத்த வருஷமே "நவீன ஆய்வகம்" என்று கணினிகள் வந்தன, ரிப்பன் வெட்டினார்கள், தராசுகள் எடைக்குப் போயின. தராசைத் தராசில் நிறுத்தி விற்றதை நான் கண்ணால் பார்த்தேன். பழுது பார்க்கப் பணம் கேட்டால் கிடைக்காது, திறப்பு விழா என்றால் உடனே கிடைக்கும். அமெரிக்காவானாலும் ஆம்பூரானாலும் கல்வெட்டில் பெயர் வருகிற செலவுதான் செலவு.

சைக்ளோனுக்கே இது நடக்கப் பார்த்தது. 1969-ல் நியூயார்க் நகரம் அதை வாங்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் பக்கத்திலிருக்கும் மீன் காட்சியகத்தை விரிவாக்க இதை இடித்துவிடலாம் என்று திட்டம். மக்கள் கூடிக் காப்பாற்றினார்கள். ஆஸ்ட்ரோலேண்ட் பூங்காக்காரர்கள் குத்தகைக்கு எடுத்து 60,000 டாலர் செலவில் பழுது பார்த்து 1975 ஜூலையில் ஓட்டினார்கள். இடிக்க நினைத்த அதே நகரம் 1988-ல் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 1991-ல் தேசியப் பட்டியலிலும் ஏறியது. ஆகவே நாளைக்கே யாரும் கடப்பாரையோடு வரப்போவதில்லை. நூற்றாண்டு, கொண்டாட்டம், புதுமை என்று பேச்சு கிளம்பும்போதுதான் எனக்குப் பயம்.

அதே கரையில் தண்டர்போல்ட் என்று ஒரு மரக் கோஸ்டர் இருந்தது, 1925. 1982-ல் நின்றது, 2000 நவம்பரில் நகர நிர்வாகம் இடித்துத் தள்ளியது. 2014-ல் அதே பெயரில் ஒரு புதுக் கோஸ்டர் வந்திருக்கிறது. இரும்பு, தலைகீழ்ச் சுற்றுகளோடு. நன்றாகவே இருக்கிறது என்கிறார்கள். சைக்ளோனிலிருந்து நடந்தே போகலாம். தலைகீழாகத் தொங்க ஆசைப்படுகிற பிள்ளைகள் அங்கே போகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் 1925-ன் தண்டர்போல்ட்டில் ஏற ஆசைப்படுகிறவர் எங்கே போவார்? அதற்கு மட்டும் பதில் எழுது.

மற்ற பிள்ளைகளும் எழுதலாம். "சூப்பர் டீச்சர்" என்று மட்டும் போடாதீர்கள். v²-ஐ ஒரு முறை போட்டுப் பார்த்து, நான் தப்பு செய்திருந்தால் சொல்லுங்கள். 26 மீட்டரை 25.9 என்று எடுத்தாலும் ஒன்றும் மாறாது.

2027 ஜூனுக்கு டிக்கெட் போடுகிறேன் என்று மகள் சொல்கிறாள். கழுத்துக்கு டாக்டர் பட்டை கொடுத்திருக்கிறார், அதனால் நான் ஏற முடியாது. பேத்திக்கு உயரம் போதுமா என்று அளந்து பார்த்தாயிற்று, போதும். மாப்பிள்ளை அவளோடு முன் இருக்கையில் உட்காரட்டும். கண்ணாடியையும் செருப்பையும் பையையும் வைத்துக்கொண்டு நான் கீழே நிற்கிறேன்.