திருத்தக் கூடாத பெயர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரித் தமிழ்த்துறை, அயலகத் தமிழர் குறித்துக் கருத்தரங்கம் ஒன்று நடத்திக் கட்டுரைத் தொகுப்பும் வெளியிட்டது. மொரீசியசுத் தீவிலிருந்து ஆய்வாளர் ஒருவர் கட்டுரை அனுப்பியிருந்தார். மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது. அவருடைய குடும்பப் பெயர், முருகனுக்குரிய பெயரொன்று பிரெஞ்சு நாவில் உருண்டு திரண்ட வடிவம். அங்கே ஒலிப்பது போலவே தமிழில் எழுதியிருந்தார். நமக்குப் பொறுக்கவில்லை, நல்ல தமிழாக்கி அச்சுக்கு அனுப்பினோம். நூல் கிடைத்ததும் அவரிடமிருந்து மடல் வந்தது. சினமே இல்லாத மடல். ஆவணக் காப்பகத்தில் தம் முன்னோரின் பதிவைக் கண்டெடுக்க உதவியது அந்தக் கோணல் எழுத்துக்கூட்டல்தான் என்றும், அடுத்த பதிப்பில் அதை அப்படியே இட வேண்டும் என்றும் கேட்டிருந்தார். கருத்தரங்கத் தொகுப்புகளுக்கு அடுத்த பதிப்பு எங்கே வருகிறது?

அந்த மடலுக்குப் பின்னர்தான் அத்தீவின் பெயர்களை நாம் கருத்தூன்றிப் பார்க்கத் தொடங்கினோம். இந்தியப் பெருங்கடலில் மடகாசுகருக்குக் கிழக்கே, ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர் பரப்பில் எரிமலைக் குழம்பால் எழுந்த நிலம் அது. அரபு மாலுமிகள் அறிந்திருந்தனர், போர்த்துகீசியர் கடந்து சென்றனர், குடியிருந்தார் எவருமில்லை. 1598இல் வந்த ஒல்லாந்தர் தம் இளவரசர் மொரீசின் பெயரை இட்டனர். அந்த இளவரசர் தீவைக் கண்டதேயில்லை. ஒல்லாந்தர் வெளியேறியபின் 1715இல் பிரெஞ்சுக்காரர் 'பிரான்சுத் தீவு' என்றனர். 1810இல் கைப்பற்றிய ஆங்கிலேயர் பழைய பெயரை மீட்டனர். விடுதலை பெற்ற நாடுகள் பல தம் தொல்பெயருக்குத் திரும்பியதுண்டு. 1968இல் விடுதலை அடைந்த மொரீசியசு திரும்புவதற்குத் தொல்பெயர் என ஒன்றில்லை. எனவே வந்தேறிய பெயரையே தன் பெயராக்கிக் கொண்டது. கிரியோல் மொழியில் இன்று அது 'மொரீசு'.

ஊர்களும் மலைகளும் அவ்வாறே. தலையில் பெரும்பாறை ஒன்றைச் சுமந்து நிற்கும் 820 மீட்டர் மலைக்குப் பீட்டர் போத் என்று பெயர். 1615இல் அக்கடலில் மூழ்கி இறந்த ஒல்லாந்த ஆளுநர் அவர். அருகிலேயே இன்னொரு மலை, பிரெஞ்சில் வெறுமனே 'கட்டைவிரல்'. பீடபூமியில் உள்ள வாக்குவா நகரின் பெயர் தாழையைக் குறிப்பது. நெய்தல் நிலத்துத் தாழை அங்கே மேட்டு நிலத்து ஊருக்குப் பெயராகிவிட்டது. திணை மயக்கம் நடத்துகையில் மாணவருக்குச் சொல்லத் தக்க செய்தி. தலைநகர் போர்ட் லூயியின் கிழக்கே பழைய தமிழர் குடியிருப்புக்கு 'மலபார் முகாம்' என்று பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களை மலபார் என்றழைத்த பிழை அது. அந்தப் பிழைக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே துறைமுகம் எழுப்பக் கைவினைஞர்களைப் புதுச்சேரியிலிருந்து வரவழைத்தார். ஒப்பந்தக் கூலிமுறை தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே தமிழர் அங்கே கல் செதுக்கிக் கொண்டிருந்தனர்.

ஒப்பந்தக் கூலிகள் 1834 முதல் வந்தனர். மொத்தம் நாலரை இலட்சம் பேர் அளவில். அவர்களுள் தமிழர் ஒரு பகுதியே. பெரும்பான்மையோர் போசுபுரி பேசியவர்கள். அவர்கள் கரையிறங்கிய 'கூலி காட்' இன்று 'ஆப்ரவாசி காட்' எனப் பெயர் மாறி, 2006 முதல் உலக மரபுச் சின்னமாக விளங்குகிறது. எழுத்தர் பெயர் கேட்பார். காதில் விழுந்ததை எழுதுவார். நம் மரபிலோ குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரும் தன் பெயருமே உண்டு. கூலியாக வந்தவனின் சொந்தப் பெயரோ அவன் தந்தையின் பெயரோ அவ்வாறே உறைந்து, தலைமுறை தலைமுறையாகக் குடும்பப் பெயராக இறங்கிற்று. 1860கள் முதல் புகைப்படமும் எடுத்தனர். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவை காக்கப்படுகின்றன. அங்கே போய்ச் 'சுப்பராயன்' என்று கேட்டால் கிடைக்காதவர் 'சூப்பிராயென்' என்றால் கிடைப்பார்.

நம் தமிழ்ப் பற்றாளர் சிலர் அத்தீவுக்குச் சென்று திரும்பியதும், "ஐயோ, பெயர்களைச் சிதைத்துவிட்டார்களே" என்று கட்டுரை தீட்டுவதைக் காண்கிறோம். அவர்களுக்கு ஒரு கேள்வி. சீகன்பால்கு என்றும் இரேனியசு என்றும் எல்லீசன் என்றும் நாம் வழங்குவது என்ன? வடசொல்லைத் தமிழெழுத்துக்கு இணங்க எழுதச் சொன்னவர் தொல்காப்பியர். பிறர் பெயரை நம் நாவுக்கு வளைத்தால் இலக்கணம். நம் பெயர் பிறர் நாவில் வளைந்தால் சிதைவா? ஒரு வேறுபாடு உண்டு என்பதை மறுக்கவில்லை. எல்லிசு துரை விரும்பி ஏற்ற பெயர் எல்லீசன். துறைமுகத்தில் நின்ற கூலியை எவரும் கேட்கவில்லை. அந்தக் கொடுமை கொடுமையே. ஆனால் அதற்கு ஈடு செய்யும் உரிமை அவன் வழித்தோன்றலுக்கு உரியது. மதுரையிலோ சென்னையிலோ மெய்ப்புப் பார்ப்பவருக்கு உரியதன்று.

அவர்கள் தமிழைப் போற்றவில்லை என்ற புலம்பலும் பொருந்தாது. 1998இல் வெளியான புதிய பணத்தாள்களில் தமிழுக்கு முன்பாக இந்தியை அச்சிட்டபோது அத்தீவுத் தமிழர் கிளர்ந்தெழுந்தனர். தாள்களை அரசு திரும்பப் பெற்று, 1999இல் பழைய வரிசைப்படியே வெளியிட்டது. அவர்களுள் பலர் வீட்டில் பேசுவது கிரியோல் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். நூறு ரூபாய்த் தாளில் உள்ள உருவம் ரங்கநாதன் சீனிவாசனுடையது. தாளில் உள்ள பெயரோ 'ரெங்கநாதென் சீனீவாசென்' என்று ஒலிக்கும். அதே தாளில் தமிழெழுத்தும் உண்டு. இரண்டும் அவர்களுடையவை.

இவ்வளவு சொன்ன பின் வேறொன்று நெஞ்சை உறுத்துகிறது. மடகாசுகரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோருக்குப் பெயர் வளையவில்லை, பறிக்கப்பட்டது. எசமானர் இட்டதே பெயர். அவர்களுள் தப்பியோடியோர் தென்மேற்கு முனையில் உள்ள லெ மோர்ன் மலையில் ஒளிந்து வாழ்ந்தனர். 1835இல் விடுதலைச் செய்தி சொல்ல வந்த காவலரைப் பிடிக்க வந்தோர் எனக் கருதி உச்சியிலிருந்து குதித்தனர் என்பது அங்கே வழங்கும் கதை. குதித்தவர் என்று கதை சொல்வோருள் ஒருவர் பெயரையும் நாம் எங்கும் காணவில்லை. கிரியோல் மக்களின் எண்ணற்ற குடும்பங்களுக்குக் கோணல் எழுத்துக்கூட்டல் கூட இல்லை, தேடிப் போவதற்கு. நம் ஆய்வாளர் அந்தக் கோணலை ஏன் அவ்வளவு பற்றிக்கொண்டார் என்பது இதைப் படித்தபோதுதான் விளங்கிற்று.

தொகுப்பில் விற்காத படிகள் துறை அலமாரியில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. சென்ற மாதம் இரண்டு பிற்பகல்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு படியிலும் அவர் பெயரை அடித்துவிட்டு அவர் எழுதியவாறே மையால் எழுதி வைத்தோம். ஒரு படியை அவருக்கும் அனுப்பியிருக்கிறோம். கையெழுத்து அழகாக இல்லை.