சோழியும் கம்ப்யூட்டரும்

சென்ற வாரம் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு விவசாயி என்னை வழிமறித்தார். அவருடைய குமாரி பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்க விரும்புகிறாளாம்.

“ஏனுங்க வாத்தியாரய்யா, இப்ப மிசினே புரோகிராம் எழுதிப் போடுதாமே! எம் பொண்ணு அதை எதுக்குங்க படிக்கோணும்?” என்றார்.

கேள்வி நியாயமானதே. கம்ப்யூட்டர் படிப்பென்றால் பெங்களூர் உத்தியோகம் என்றே இத்தனை வருஷங்களாக நாம் சொல்லி வந்திருக்கிறோம். உத்தியோகம் சந்தேகமானால் படிப்பும் சந்தேகமாகத்தானே தோன்றும்?

நான் அவருக்குப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரின் கதையைச் சொன்னேன். சென்னை வான சாஸ்திர நிலையத்தில் முன்பு அலுவல் பார்த்த ஜான் வாரன் என்பவர், 1825-இல் ‘கால ஸங்கலித’ என்னும் நூலை வெளியிட்டார். அதில் இந்தத் தமிழரின் விவரம் இருக்கிறது. தரையில் சோழிகளை அடுக்கியும், மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டுமே அவர் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துவிட்டார்! கிரகணம் தொடங்கும் நேரத்தில் நேர்ந்த பிழை 4 நிமிஷந்தான். மின்சாரமில்லை, யந்திரமில்லை, ஆயினும் நடந்தது கம்ப்யூட்டர் வேலையேதான். முறை வகுத்து, படிப்படியாக விடை காண்பதே இந்தச் சாஸ்திரத்தின் உயிர்.

கதைக்கு மறு பாதியும் உண்டு. கிரகணம் முடியும் நேரத்தில் பிழை 52 நிமிஷம். அந்த முறைக்கு அடிப்படையான தத்துவம் அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். காரணம் அறியாதவர் பிழையை எங்ஙனம் திருத்துவார்?

2018-இல் வந்த நமது பதினோராம் வகுப்புப் புத்தகம், ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஓநாயையும் ஆறு கடத்தும் புதிரைக் கொண்டு யோசிக்கக் கற்பிக்கிறது. நாமோ பரீட்சைக்காகப் புரோகிராமை உருப்போடச் செய்கிறோம். உருப்போட்டதை ஒப்புவிக்க இனி மனிதர் வேண்டியதில்லை. அதை யந்திரமே செய்துவிடும். அது தரும் விடை சரியா, எங்கே தவறும் என்று ஆராய்வோரே வேண்டும்.

“உருப்போட அனுப்பாதீர்கள், ‘ஏன்?’ என்று கேட்க அனுப்புங்கள்” என்றேன்.

அவர் சிரித்தார். “அனுப்பறேனுங்க. கேட்டாப் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கோணுமுங்களே!”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. உபாத்தியாயர்களாகிய நாங்கள் வகுப்பறையில்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.