மெட்டல் டிடெக்டர் மாத்தப் போறீங்களா? முதல்ல அது எந்தக் கணக்குல வருதுன்னு பாருங்க

"சார், பழைய டிடெக்டர் போச்சு. இந்தத் தடவை நல்லதா, 50 ஆயிரத்துக்கு மேல ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஒரு தங்க மோதிரம் கிடைச்சாலே போட்ட காசு வந்துடும்ல?"

தூத்துக்குடி பக்கம் கடற்கரையில டிடெக்டர் வச்சுத் தேடுறவங்க கேக்குற கேள்வி இது. முதல் பாதி நல்ல கேள்வி. ரெண்டாவது பாதிதான் பிரச்சனை. "போட்ட காசு வந்துடும்"னு நினைக்கிற நிமிஷமே, நீங்க ஒரு பொழுதுபோக்குச் செலவை முதலீடா எழுதிட்டீங்க. அப்புறம் எந்த விலையும் பெருசாத் தெரியாது.

என் கருத்தை நேராச் சொல்லிடுறேன். டிடெக்டர்ங்கிறது கிரிக்கெட் பேட் மாதிரி, கேமரா மாதிரி. வாங்குங்க, சந்தோஷமா இருங்க. ஆனா வரவுன்னு ஒரு பைசாகூட அதுக்கு எதிர்ல எழுதாதீங்க. ஏன்னு பார்ப்போம்.

கிடைச்சது உங்களுதா?

நம்ம கிரிமினல் சட்டத்துல ஒரு அழகான உதாரணம் இருக்கு. 1860ல வந்த இந்திய தண்டனைச் சட்டத்துல இருந்து, இன்னைக்கு பாரதிய நியாய சன்ஹிதா 314வது பிரிவு வரைக்கும் அதே உதாரணம்தான். ரோட்டுல ஒரு ரூபாய் கிடக்குது, யாருதுன்னு தெரியல, எடுத்துக்கறீங்க. குற்றம் இல்ல. ஆனா விலையுயர்ந்த மோதிரம் ஒண்ணு கிடைக்குது, யாருதுன்னு தேடவே இல்லாம உடனே வித்துடறீங்க. அது குற்றம். திருச்செந்தூர் கடல்ல குளிக்கும்போது ஒருத்தர் விரல்ல இருந்து கழண்ட மோதிரம், உங்க டிடெக்டர்ல கிடைச்சதால உங்க மோதிரம் ஆயிடாது. 1872 ஒப்பந்தச் சட்டம் 71வது பிரிவும், கண்டெடுத்தவர் அந்தப் பொருளைப் பத்திரமா பார்த்துக்க வேண்டியவர்னுதான் சொல்லுது.

"சரி சார், பழைய காசு கிடைச்சா?" அது இன்னும் கஷ்டம். 1878 புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்து கிடைக்கிற பொருள் 10 ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தா, கலெக்டருக்கு எழுத்துல தகவல் கொடுக்கணும். என்ன கிடைச்சது, எங்க, எந்தத் தேதியில, தோராய மதிப்பு எவ்வளவு, எல்லாம் எழுதணும். கொடுக்கலைன்னா உங்க பங்கு போயிடும். ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. ஒழுங்கா கொடுத்தாலும் அரசு அதை எடுத்துக்கலாம். அப்போ உங்களுக்கு வர்றது உலோக மதிப்பும், அதுல ஐந்தில் ஒரு பங்கும்தான்.

இதை நம்ம ஊர்க் கணக்குல போடுங்க. 1658ல டச்சுக்காரங்க போர்த்துகீசியர்கிட்ட இருந்து தூத்துக்குடியைப் பிடிச்சாங்க. அவங்க செப்புக்காசோட பேர்தான் நம்ம வாயில 'துட்டு' ஆச்சுன்னு சொல்வாங்க. அப்படி ஒரு துட்டு மண்ணுல கிடைச்சா, அதுல இருக்கிற செம்போட விலை என்ன? ஒரு டீக்குக்கூட தேறாது. அதோட, 100 வருஷம் தாண்டின காசு 1972 தொல்பொருள் சட்டத்துலயும் வந்துடும். நீங்க அதை வெளிநாட்டுக்கு வித்து அனுப்ப முடியாது.

சலாபத்துல யாருக்கு உறுதியான வரவு?

இது நம்ம கடற்கரைக்குப் புதுசு இல்ல. பிரிட்டிஷ் கால சலாபங்கள்ல எடுத்த சிப்பியில மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, மூச்சடக்கிக் குளிச்சவங்களுக்கு ஒரு பங்கு. அரசு தன் பங்கைத் திறந்துகூடப் பார்க்காது. ஆயிரம் ஆயிரமா, மூடின சிப்பியாவே ஏலம் விட்டுடும். உள்ளே முத்து இருக்கா இல்லையாங்கிற ரிஸ்க் முழுக்க ஏலம் எடுத்த வியாபாரிக்கு. 1961க்கு அப்புறம் இங்க அந்த சலாபமும் நடக்கல.

மூடின சிப்பியை வாங்குற வியாபாரிக்காவது, இது சூதுன்னு தெரியும். "ஒரு மோதிரம் கிடைச்சாப் போதும்"னு ஈ.எம்.ஐ. போடுறவருக்கு அது தெரியறதில்ல. இதுல உறுதியான வரவு, டிடெக்டர் விக்கிறவருக்கு மட்டும்தான்.

சரி, எதை வாங்குறது?

செலவுன்னு ஒத்துக்கிட்டீங்களா? இப்போ தேர்வு சுலபம். கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: நீங்க நிக்கிற மண்ணுக்கு எது சரி?

நம்ம கடற்கரையில ரெண்டு எதிரிகள். ஒண்ணு, ஈரமான உப்பு மணல். அது மின்சாரத்தைக் கடத்தும். இன்னொண்ணு, இல்மனைட் மாதிரி இரும்புச் சத்துள்ள கருமணல். தேரிக்காட்டுச் செம்மண்ணும் இந்த ரகம்தான். ஒரே அலைவரிசையில வேலை செய்யற சாதாரண டிடெக்டர் காய்ஞ்ச மணல்ல ஒழுங்கா இருக்கும். அலை தொடுற இடத்துக்குப் போனா சும்மா கத்த ஆரம்பிச்சிடும். அதனால, ஒரே நேரத்துல பல அலைவரிசையில வேலை செய்யற மல்டி ஃப்ரீக்வென்சி மாடல்தான் இங்க அர்த்தமுள்ளது.

மைன்லேப் வான்குவிஷ் வரிசை இதுல அடிப்படை. ஆனா அதுல தேடுற வட்டு மட்டும்தான் தண்ணியைத் தாங்கும், மேல இருக்கிற பெட்டி தாங்காது. முட்டளவுத் தண்ணியில இறங்கறவங்களுக்கு மைன்லேப் ஈக்வினாக்ஸ், இல்ல நோக்டா லெஜண்ட். இது ரெண்டும் முழுசாவே தண்ணியில முங்கலாம். பல்ஸ் இண்டக்‌ஷன் ரகம் கருமணல்லயும் நல்லா ஆழம் போகும். ஆனா இரும்பையும் தங்கத்தையும் பிரிச்சுச் சொல்றதுல வீக். துருப்பிடிச்ச ஆணிக்கெல்லாம் குழி தோண்டணும்.

எந்த மாடலாலயும் முடியாத சில விஷயங்கள் இருக்கு:

- நம்ம ஊர்ல அதிகம் தொலையறது மெல்லிசான செயின். டிடெக்டர் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாத்தான் பார்க்கும். அதனால செயின் சுலபமா மாட்டாது. கொக்கியோ டாலரோ இருந்தா உண்டு.
- மீன் வலையில கட்டுற ஈயக் குண்டு, கிழிஞ்ச ஃபாயில், டின் மூடியோட வளையம் எல்லாம் தங்க மோதிரம் மாதிரியே சிக்னல் கொடுக்கும்.
- காசு அளவுப் பொருளுக்கு ஆழம் ஒரு அடிக்குள்ளதான். "30 அடி ஆழத்துல தங்கம் காட்டும்"னு யாராவது வித்தா, ரைஸ் புல்லிங் கலசம் வித்தவரோட தம்பின்னு நினைச்சுக்கோங்க.
- முத்து உலோகம் இல்ல. அதுக்கு பீப் சத்தமே வராது!

வாங்குறதுக்கு முன்னாடி மூணு வேலை

ஒண்ணு, பழையது உண்மையிலேயே செத்துப்போச்சான்னு பாருங்க. பேட்டரி முனையில பச்சைக் களிம்பு, வட்டுக் கேபிள்ல முறிவு, கனெக்டர்ல உப்பு. பல "செத்த" டிடெக்டரோட நோய் இதுதான். புது வட்டு விலை, புது மெஷின் விலையில ஒரு பகுதிதான்.

ரெண்டு, ஒரு தடவை போற செலவைக் கணக்குப் போடுங்க. சுங்க வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 54,000 ரூபாய், மூணு வருஷம் உழைக்கும்னு வச்சுக்குவோம். மாசம் ரெண்டு தடவை போனா 72 தடவை. ஒரு தடவைக்கு 750 ரூபாய். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைன்னா 18 தடவை. ஒரு தடவைக்கு 3,000 ரூபாய். "இனிமே அடிக்கடி போவேன்"ங்கிற நம்பிக்கையை வச்சுக் கணக்குப் போடாதீங்க. போன வருஷம் எத்தனை தடவை போனீங்கன்னு உங்க போன் கேலரி சொல்லும்.

மூணு, நோ காஸ்ட் ஈ.எம்.ஐ. வேண்டாம். ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடி போயிடும், பிராசஸிங் ஃபீஸ் சேரும், வட்டி மேல ஜி.எஸ்.டி.யும் சேரும். மாசம் 4,500 ஆர்.டி. போட்டா 12 மாசத்துல 54,000. அந்த ஒரு வருஷம் கழிச்சும் ஆசை இருந்தா தாராளமா வாங்குங்க. பில்லோட, இந்திய வாரண்டியோட வாங்குங்க. உப்புத் தண்ணியில பயன்படுத்துற மெஷினுக்கு வாரண்டி இல்லாத பார்சல் சகவாசம் ஆகாது.

எங்க போகக் கூடாது

ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை பக்கம் டிடெக்டரோட போகவே போகாதீங்க. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுத்தி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. சட்டத்தை விடுங்க. கொற்கை பாண்டியர் துறைமுகம். இன்னைக்குக் கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. அங்க ஒரு காசு எந்த மண் அடுக்குல, எதோட பக்கத்துல கிடந்ததுங்கிறதுதான் வரலாறு. தோண்டி எடுத்துட்டா உங்க கையில மிஞ்சுறது செம்பு மட்டும். அந்த நஷ்டத்தை எந்த பேலன்ஸ் ஷீட்லயும் சரிகட்ட முடியாது. அதே மாதிரி வ.உ.சி. துறைமுக எல்லையும், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவோட வான்தீவு மாதிரித் தீவுகளும் நமக்கான இடம் இல்ல.

போறதுக்கு மிச்சம் என்ன இருக்கு? ஜனங்க நடமாடுற பொதுக் கடற்கரை மணல். அங்கயும் உள்ளூர்ல கேட்டுட்டு இறங்குங்க, தோண்டின குழியை மூடுங்க. நேத்து தொலைஞ்ச மெட்டியை இன்னைக்குத் தேடிக் கொடுத்தா, அந்த அக்கா முகத்துல வர்ற சிரிப்புக்கு வரியும் இல்ல, டி.டி.எஸ்.ஸும் இல்ல. 750 ரூபாய்க்கு அது கிடைக்குதுன்னா, என்னைக் கேட்டா, நல்ல செலவுதான்.